லீட்ரிம் ஜில்லாவும் அதன் ஜனங்களும்

அயர்லாந்தின் வடமேற்கே, கானாக்ட் மாகாணத்தில், ஆலன் ஏரியால் ஏறக்குறைய இரு கூறாகப் பிரிந்து கிடக்கும் லீட்ரிம் என்ற சிறு ஜில்லாவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பலரும் 1845-ஆம் ஆண்டில் மூண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தொடங்கி, அதிலேயே கதையை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பஞ்சம் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஜனத்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பவருக்கு வேறொரு செய்தி புலப்படும். 1841-இல் அங்கே வாழ்ந்தவர் 1,55,297 பேர், 1851-இல் ஏறத்தாழ 1,12,000, 1996-இல் 25,057. பஞ்சம் நிகழ்ந்த பத்தாண்டில் குறைந்தவர் சுமார் நாற்பத்து மூவாயிரம். பஞ்சம் தீர்ந்த பிறகு, படிப்படியாக, எவருடைய கண்ணையும் உறுத்தாமல் குறைந்தவர் அதைப்போல் இரு மடங்கு. பசியால் போனவரைவிடப் பசி தீர்ந்தபின் போனவரே அதிகம் என்ற இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேடுவதே லீட்ரிம் சரித்திரத்தின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆதியில் இது பிரெஃப்னி என்ற கேலிக் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியாக ஓ'ரூர்க் வம்சத்தாரின் ஆட்சியில் இருந்தது. எலிஸபெத் ராணியின் படைகளோடு மோதிய பிரையன் ஓ'ரூர்க் 1591-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த தலைமுறையில் நிலம் ஆங்கிலேயக் குடியேற்றக்காரருக்குப் பங்கிடப்பட்டது. அந்த ராஜ்யக் கதைகளை இங்கே விரிக்க அவசியமில்லை. விரிக்க வேண்டியது மண்ணைப் பற்றி. பனியாறுகள் விட்டுச் சென்ற சிறு குன்றுகளும், அவற்றினிடையே ஏரிகளும் சதுப்புகளும், எங்கும் நீரை உள்ளே விடாத கனத்த களிமண்ணும், அதன்மேல் ஓயாத மழையும் சேர்ந்ததுதான் அந்த ஜில்லா. லீட்ரிமில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பதில்லை, காலன் கணக்கில்தான் விற்பார்கள் என்று அண்டை ஜில்லாக்காரர் இன்றும் பரிகாசம் செய்வதுண்டு.

இத்தகைய மண்ணில் சதுர மைலுக்கு இருநூற்றைம்பது பேர் எவ்வாறு பிழைத்தனர் என்று கேட்டால், உருளைக்கிழங்கும் அதை விளைவித்த பாரும் என்பதே விடை. புல் தரையின்மீது நீளவாக்கில் எருவைப் பரப்பி, அதன்மேல் விதைக்கிழங்கை வைத்து, இரு புறமும் உள்ள புற்கரணைகளை 'லாய்' என்னும் நீண்ட, ஒரு பக்கத்தில் மட்டும் கால் வைத்து மிதிக்கும் மண்வெட்டியால் பெயர்த்துக் கவிழ்த்து மூடுவார்கள். பெயர்த்த இடம் கால்வாயாகி நீரை வடித்துவிடும். கிழங்கு மேட்டில் காய்ந்த மண்ணில் வளரும். கலப்பை ஏறாத சரிவிலும் இது சாத்தியம். ஆங்கிலேயர் இதைச் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயரிட்டு நகைத்தனர். நாள் முழுதும் ஈரக் களிமண்ணை மிதித்துப் புரட்டிய ஒருவனைச் சோம்பேறி என்று அழைக்க அசாத்தியமான தைரியம் வேண்டும். குன்றுச் சரிவுகளில் அந்தப் பார்களின் வரிகள், மேலே புல் மூடிக் கிடந்தாலும், சாய்ந்த வெயிலில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

கிழங்கு வயிற்றுக்கு, குத்தகைப் பணத்துக்கு வேறு வழி வேண்டுமல்லவா? வீட்டில் ஆளி நாரை நூற்று விற்பது அந்த வழியாயிற்று. 1795-இல் ஆர்மா ஜில்லாவில் நடந்த மதக் கலகங்களுக்கு அஞ்சி ஓடிவந்த கத்தோலிக்க நெசவாளரும் இத்தொழிலுக்கு வலுவூட்டினர். பின்னர் பெல்ஃபாஸ்ட் ஆலைகளின் இயந்திர நூல் வந்ததும் ராட்டினங்கள் ஓய்ந்தன. குடும்பத்தின் ஒரு கை ஒடிந்தது. மறு கையான கிழங்கையும் 1845-இல் கருகல் நோய் பற்றியபோது, மோகில், காரிக், மேனர்ஹாமில்டன் ஆகிய ஊர்களின் ஏழைவிடுதிகள் இடம் கொள்ளாமல் நிரம்பின.

பஞ்சம் நின்றது, புறப்பாடு நிற்கவில்லை. நிலப்பிரபுக்களின் கொடுமையே காரணம் என்பது பொதுவான விளக்கம். கொடுமைக்குக் குறைவும் இல்லை: குடியானவரை இரக்கமின்றி வெளியேற்றிய மூன்றாம் லீட்ரிம் பிரபு 1878-இல் டோனிகாலில் வழிமறித்துக் கொல்லப்பட்டார். ஆனால் 1903-ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டிக் குத்தகைக்காரர்கள் படிப்படியாக நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பிறகும் ஜனங்கள் போய்க்கொண்டேயிருந்தார்களே! பிரபு போனபின் பழியை யார்மேல் சுமத்துவது?

எனது அபிப்பிராயத்தில், பஞ்சம் கற்பித்த பாடமே அடுத்த விபத்தாயிற்று. நிலத்தைப் பிள்ளைகளுக்குக் கூறு போட்டதால்தான் அழிந்தோம் என்று உணர்ந்த குடும்பங்கள், ஒரே மகனுக்கு நிலம் என்று விதித்துக்கொண்டன. அந்த மகனும் தந்தை கைவிடும்வரை, பல சமயம் நாற்பது வயது வரை, மணம் செய்துகொள்ள இயலாது. அவன் மனைவி கொண்டுவரும் சீதனம் மாமனாரிடம் போய்ச் சேரும். அதைக் கொண்டு அவர் தம் மகள் ஒருத்தியைக் கட்டிக்கொடுப்பார், அல்லது மற்றொரு பிள்ளையைக் கப்பலேற்றுவார். எஞ்சியவருக்கு நியூயார்க்கில் ஏற்கனவே இருக்கும் அக்காள் டிக்கெட் அனுப்புவாள். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு அண்டை அயலார் கூடி, விடியும்வரை பிடிலும் நடனமுமாய்க் கழித்து, காலையில் கொஞ்ச தூரம் உடன் நடந்து வழியனுப்புவார்கள். பிணத்தருகே விழித்திருக்கும் இரவின் பெயரைக் கொண்டே இதை 'அமெரிக்கச் சாவிரவு' என்றனர். பெண்கள் பெருவாரியாகப் போனதால் மணமாகாத கிழவர்கள் ஊர்தோறும் மிஞ்சினர்.

போகாதவனை அரசாங்கமே அனுப்பிய கதையும் ஒன்று உண்டு. ஜிம்மி கிரால்ட்டன் என்ற உள்ளூர்க்காரர் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, ஊருக்கு ஒரு மண்டபம் கட்டி, அங்கே நடனமாடவும் நிலப்பிரச்சினை பேசவும் இடம் தந்தார். குருமாரின் எதிர்ப்பு வலுத்தது. 1933-இல் அமெரிக்கப் பிரஜை என்ற காரணம் காட்டிச் சுதந்திர அயர்லாந்து அவரை நாடு கடத்தியது.

பொருளாதார அபிவிருத்தி என்ற பெயரில் செய்யப்பட்டவற்றில் சில வேடிக்கைக்குரியவை. ஷானன் நதியையும் எர்ன் ஏரிகளையும் இணைக்க 1846 முதல் 1860 வரை பெருஞ்செலவில் வெட்டிய கால்வாயை ஒன்பது ஆண்டுகளில் எட்டுப் படகுகளே பயன்படுத்தின. 1887-இல் ஓடத்தொடங்கிய குறுகிய பாதை ரயில், கால்நடைகளையும் அண்டை ராஸ்காமன் ஜில்லாவின் அரிக்னா நிலக்கரியையும் சுமந்து, 1959-இல் நின்றது. அந்தக் கால்வாயே 1994-இல் புதுப்பிக்கப்பட்டு உல்லாசப் படகுகளால் காரிக்கின் விடுதிகளுக்கு வருமானம் தருகிறது என்பது விதியின் குறும்பு.

பயிரிடக் கையில்லாத நிலத்தில் இப்போது மரம் நிற்கிறது. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்த ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம் அந்த ஈரக் களிமண்ணில் வெகு வேகமாக வளர்வதால், ஜில்லாவின் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு காடாகிவிட்டது. வெளியூர் முதலீட்டாளர் வாங்கி நடும் இத்தோப்புகள் வீடுகளை இருட்டாக்கி, இளம் விவசாயிக்கு நிலம் எட்டாதபடி செய்வதாக உள்ளூரார் முறையிடுகின்றனர், அம்முறையீடு நியாயமானதே. மரத்துக்கு மானியம் கொடுக்கும் சர்க்கார், கால் ஏக்கரில் வீடு கட்டித் தங்க விரும்புகிறவனுக்கும் அதே ஊக்கத்தைக் காட்டக் கடமைப்பட்டது. 1996-க்குப் பின் ஜனத்தொகை மெல்ல ஏறி, 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. 1841-இல் இருந்ததில் இது கால் பங்குக்கும் குறைவு.