பளிங்குக்குள் ஒளிந்த துரு

கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளில்தான் அந்த வட்டம் கண்ணில் படும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற சிலிண்டரின் அடிவளையம், தரையின் ஈரத்தோடு சேர்ந்து, சமையலறைப் பளிங்கில் செங்காவி நிறத்தில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கும். சோப்புத்தூள் போட்டாலும் போகாது, தேங்காய் நாரால் தேய்த்தாலும் போகாது. கடைசியில் யாராவது குளியலறைக்கென்று வாங்கி வைத்த ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சுர்ரென்று நுரை பொங்கும். கறை சற்றே வெளுக்கும். கூடவே தரையின் பளபளப்பும் போய், அந்த இடம் மட்டும் சொரசொரவென்று வெளிறிக் கிடக்கும். நுரைத்தது கறை அல்ல, கல்தான். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து, கரியமில வாயுவாகப் பொங்கி எழும்.

வீட்டுத் தரையில் ஒரு வட்டம் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் மேல் நிற்கும் பார்த்தனான் கோயிலுக்கும் அதன் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கும் இதே துரு உயிர்ப்பகையாக வந்து சேர்ந்தது. அங்கே துரு வெளியிலிருந்து படியவில்லை. கல்லுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதை அங்கே வைத்ததும் கோயிலைக் காப்பாற்ற நினைத்த கைகள்தான்.

பார்த்தனான் கி.மு. 447இல் தொடங்கி 432இல் கட்டி முடிக்கப்பட்டது. இக்டினோஸ், கல்லிக்ராட்டஸ் என்ற இருவர் அதன் கட்டடக் கலைஞர்கள். சிற்பி ஃபிடியாஸ் சிற்ப வேலையை மேற்பார்த்தவர். ஏதென்ஸிலிருந்து பதினைந்து பதினாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெண்டெலிகான் மலையில் வெட்டிய பளிங்கு அது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் மயிரிழை நுழையாதபடி இழைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஆனால் கிரேக்கம் பூமி அதிரும் நாடு. அதிர்ச்சியில் கற்கள் விலகிவிடாமல் இருக்க, பக்கவாட்டில் கல்லோடு கல்லைப் பிணைக்க ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் இரும்புக் கவ்விகளையும், மேல் கல்லைக் கீழ்க் கல்லோடு பிணைக்க இரும்பு முளைகளையும் வைத்தார்கள். நம் மேஸ்திரிகள் கிளாம்ப் என்று சொல்வார்களே, அதுதான்.

அந்த வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கற்கள் சேரும் இடத்தில், கவ்வியைவிடச் சற்றே பெரிதாக ஒரு குழி வெட்டுவார்கள். கவ்வியை அதில் பதிப்பார்கள். பிறகு உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் இல்லை, கனமான காரீயம். அது குழியின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறைந்து, இரும்பைச் சுற்றி ஓர் உறையாக இறுகும். மழைநீருக்கும் காற்றுக்கும் இரும்பு எட்டாது. பூமி அதிர்ந்தால் ஈயம் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் இரும்பின் அடி நேராகக் கல்லின் மேல் விழாது. இப்படி மூடிவைத்த இரும்பு 2,400 ஆண்டுகள் கழித்தும் பல இடங்களில் துருவேறாமல் வெளிவந்திருக்கிறது.

துருவைத் தடுக்க வேண்டும் என்ற இந்த அறிவு பின்னால் வந்த ரோமானியரிடமும் இருந்தது. ரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தம் பெருநூலில், இரும்பைத் துருவிலிருந்து காக்க ஈய வெள்ளை, ஜிப்சம், தார் மூன்றையும் குறிப்பிடுகிறார்.

ஈயத்துக்கும் இரும்புக்கும் விலை உண்டு என்பதால் பிற்காலத்தில் பழைய கட்டடங்களைக் குடைந்து உலோகத்தை எடுத்தவர்கள் ஏராளம். ரோமின் கொலோசியம் சுவரெங்கும் அம்மைத் தழும்புபோலத் தெரிகிற குழிகள் அப்படி வந்தவைதான். பார்த்தனானுக்கு அதைவிடப் பெரிய அடி 1687 செப்டம்பர் 26 அன்று விழுந்தது. துருக்கியர் அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். மொரோசினியின் தலைமையில் முற்றுகையிட்டிருந்த வெனிஸ் படையின் குண்டு ஒன்று உள்ளே விழுந்து, கோயிலின் நடுப்பகுதி வெடித்துச் சிதறியது. சுமார் 300 பேர் மாண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1894இல் ஒரு நிலநடுக்கம் மிச்சத்தையும் உலுக்கியது.

அதன் பிறகுதான் நிக்கோலாஸ் பலானோஸ் வந்தார். அவர் ஒரு பொறியாளர். 1898 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அக்ரோபோலிஸ் அவர் பொறுப்பில் இருந்தது. எரெக்தியான் கோயில், புரோபிலையா என்ற நுழைவாயில், பிறகு 1922இலிருந்து 1933 வரை பார்த்தனானின் வடக்குத் தூண்வரிசை என்று விழுந்து கிடந்ததையெல்லாம் அவர் தூக்கி நிறுத்தினார். இன்று அஞ்சலட்டைகளில் நாம் பார்க்கும் அக்ரோபோலிஸின் உருவத்தில் அவர் கைவேலை நிறையவே உண்டு. அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் கற்களைப் பிணைக்க அவரும் இரும்பையே எடுத்தார், ஈயத்தை மட்டும் விட்டுவிட்டார். உடைந்த உத்தரக் கற்களுக்குள் வாய்க்கால்போல் வெட்டி இரும்பு உத்தரங்களைப் புதைத்தார். கவ்விகளைச் சிமெண்டால் மூடினார். இரும்பு உட்கார இடம் வேண்டும் என்பதற்காகப் பழங்காலக் கற்களையே செதுக்கினார். எங்கெங்கோ சிதறிக் கிடந்த கற்களில் பல, அவை இருந்த பழைய இடத்துக்குத் திரும்பாமல் வேறு இடத்தில் ஏறிவிட்டன.

இரும்பு துருவாகும்போது வீங்கும். துருவின் வகையைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். சென்னையில் கடலோர அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால்கனியின் அடிப்பக்கம் ஒருநாள் பொத்தென்று உதிர்ந்து விழும், உள்ளே செதில் செதிலாகச் சிவந்த கம்பி தெரியும். “கம்பி வீங்கிடுச்சு சார்” என்பார் மேஸ்திரி. அதேதான் ஏதென்ஸிலும் நடந்தது. சிமெண்ட் வழியே ஈரம் இறங்கியது. முதலில் கல்லின் மேல் செம்பழுப்பாக ஒரு கசிவு. பிறகு மயிரிழை விரிசல். பிறகு பளிங்குச் சில்லுகள் தெறித்து விழுந்தன. இரண்டாயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய கல், சில பத்தாண்டு இரும்பின் வீக்கத்தைத் தாங்கவில்லை.

1931 அக்டோபரில், பழஞ்சின்னங்களைக் காப்பது பற்றிய பன்னாட்டு மாநாடு ஏதென்ஸிலேயே கூடியது. வந்திருந்த வல்லுநர்கள் அக்ரோபோலிஸுக்கும் ஏறிப் பார்த்தார்கள். அந்த மாநாட்டில் உருவான ஏதென்ஸ் சாசனம், பழைய கட்டடங்களை வலுப்படுத்த நவீனப் பொருள்களையும், குறிப்பாகக் கம்பி போட்ட கான்கிரீட்டையும், கவனத்தோடு பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. புதுப் பொருளின் மேல் அந்தத் தலைமுறைக்கு இருந்த நம்பிக்கை அப்படி. இருபது ஆண்டுக்கு அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்பது தெரியும், இருநூறு ஆண்டுக்கு எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பலானோஸ் ஒருவரின் தவறாக மட்டும் இதைப் பார்க்க முடியாததற்குக் காரணமும் அதுதான்.

இதே காலத்தில் லண்டனில் வேறு விதமான கொடுமை நடந்தது. பெண்டெலிகான் பளிங்கில் நுண்ணிய அளவில் இரும்பு உண்டு. காற்றும் வெயிலும் பட்டுப்பட்டு அது தேன் நிறம் கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். கல்லோடு பிறந்து, கல்லோடு முதிர்ந்த நிறம் அது; கறையே அல்ல. ஆனால் எல்ஜின் கொண்டுபோன சிற்பங்களுக்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் கட்டப் பணம் கொடுத்த டூவீன் பிரபு, சிற்பங்கள் வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்று விரும்பினார். 1937–38இல் செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற உராய்பொருளாலும் அவற்றைச் சுரண்டித் தேய்த்தார்கள். தேன் நிறத்தோடு மேல்தோலும் போயிற்று. உளியின் நுணுக்கம் தங்கியிருந்த தோல் அது. அருங்காட்சியகம் விழித்துக்கொண்டு வேலையை நிறுத்துவதற்குள் பல சிற்பங்கள் தேய்ந்துவிட்டன. எது கறை, எது கல்லின் சொந்த நிறம் என்று பிரித்தறியாத கை, ஆசிட் பாட்டிலைவிட ஆபத்தானது.

ஏதென்ஸில் விழிப்பு 1970களில் வந்தது. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் இருந்த கந்தக டை ஆக்சைடு பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிக்கொண்டிருந்தது. வெளியே புகை, உள்ளே துரு. 1975இல் அக்ரோபோலிஸ் சின்னங்களைக் காக்கத் தனிக் குழு அமைந்தது. கரலம்போஸ் பூராஸ், மனோலிஸ் கோரெஸ் போன்ற கட்டடக் கலை அறிஞர்கள் அந்த முயற்சியின் முதுகெலும்பாக இருந்தார்கள். 1979இல் எரெக்தியானில் வேலை தொடங்கியது. கூரையைத் தலையில் தாங்கி நின்ற கார்யாட்டிட் பெண் சிலைகளை இறக்கி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், அந்த இடத்தில் நகல்களை நிறுத்தினார்கள். 1980களில் பார்த்தனானிலும் வேலை ஆரம்பித்தது. அதே குன்றில் இருக்கும் அதீனா நைக்கி கோயிலை 2000க்குப் பிறகு அடித்தளம் வரை கல் கல்லாகப் பிரித்து மீண்டும் கட்டினார்கள்.

அந்த வேலை பெரும்பாலும் பொறுமை என்ற ஒன்றை நம்பித்தான் நடந்தது. பலானோஸ் ஏற்றிய கல்லை இறக்க வேண்டும். அதற்குள் துருவேறிச் சிக்கிக்கொண்ட இரும்பைச் சுற்றிலும் துளை போட்டு, கல்லுக்கு நோகாமல் உருவ வேண்டும். உடைந்த துண்டுகளை ஒட்ட வேண்டும். இல்லாத பகுதிக்கு அதே மலையின் புதுப் பளிங்கை, உடைப்பின் மேடுபள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி செதுக்க வேண்டும். இடம் மாறி ஏறியிருந்த கற்களுக்கு, விளிம்பையும் கவ்விக் குழியையும் அளந்து, உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரும்பு இருந்த இடத்தில் இப்போது டைட்டேனியம். அது துருப்பிடிக்காது. வெயிலில் இரும்பு விரியும் அளவுக்கு விரியாது, ஏறக்குறைய பளிங்கோடு ஒத்தே விரியும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. பெரிய அதிர்ச்சி வந்தால் கல் உடைவதற்கு முன்னால் கவ்வி விட்டுக்கொடுக்கும்படி அதன் தடிமனைக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலோகத்தை மறுபடி செய்துகொள்ளலாம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கல்லைச் செய்ய முடியாது.

கல்லில் ஊறிப்போன துருவை எடுப்பதற்குக் காப்பாளர்கள் கையாளும் முறை நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த முறைதான்: பற்றுப் போடுவது. வீக்கத்துக்கு அரைத்துப் பூசுகிறோமே, அதுபோலவே. களிமண்ணையோ சுண்ணக்கட்டித் தூளையோ காகிதக் கூழையோ எடுத்து, சோடியம் சிட்ரேட் கரைசலில் குழைக்கிறார்கள். சிட்ரேட் இரும்பு அணுவைப் பிடித்துக்கொள்ளும். பிடிவாதமான கறைக்குச் சோடியம் டைதயோனைட்டும் சேரும். கரையாத நிலையில் இருக்கும் இரும்பைக் கரையும் நிலைக்கு அது மாற்றிக் கொடுக்கும். கறையின் மேல் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஊறவிட்டு, பிறகு மெதுவாகக் காயவிட வேண்டும். காயும்போது கல்லின் நுண்துளைகளிலிருந்து ஈரம் வெளியே வரும், அதோடு இரும்பும் பற்றுக்குள் வந்து சேரும். ஒரு முறையில் போகாது. இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். சமையலறை வட்டத்துக்கும் இதுதான் வழி, ஆசிட் அல்ல. வட்டம் போன பிறகு சிலிண்டருக்கு அடியில் ஒரு சக்கர ஸ்டாண்டும் வேண்டும். உள்ளே இரும்பு இருக்கும் வரை எந்தப் பற்றும் நிற்காது என்பதை அக்ரோபோலிஸில் ஒவ்வொரு கல்லாக இறக்கித்தான் தெரிந்துகொண்டார்கள்.

வேலையின் நடுவே, பலானோஸின் கை படாத சில மூட்டுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. கோயிலை முதலில் கட்டிய கொத்தர்கள் ஈயம் ஊற்றி மூடியபடியே, விலகாமல், கசியாமல், கல்லோடு கல் கவ்வியபடி அவை இருந்தன. நல்ல நிலையில் இருந்த அந்த மூட்டுகளைத் திறக்காமல், டைட்டேனியம் வைக்காமல், இருந்தபடியே விட்டுவிட்டார்கள்.