ஆறு டாலர் ஐஷேடோவும் கொஞ்சம் காவிமண்ணும்

போன வாரம் இருமல் மருந்து வாங்க ட்ரக்ஸ்டோருக்குப் போனேன். நியூஜெர்சியில் அக்டோபர் வந்துவிட்டால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பூசணிக்காய்தான். மருந்து அலமாரிக்கு எதிரே ஒன்பது நிறங்கள் கொண்ட ஒரு ஐஷேடோ பேலட், இலையுதிர்கால நிறங்கள் என்று போட்டிருந்தது. விலை ஆறு டாலர். போனால் ஆறு டாலர்தானே என்று எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் தினமும் போட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிடறேன். செங்கல் நிறம், துரு நிறம், காப்பிக்கொட்டை நிறம் மூன்றும் அருமை. என் மாநிறத்துக்கு ஒரே பூச்சில் பிடித்தது, சாயங்காலம் வரை நின்றது. கடுகு மஞ்சள் இரண்டு மூன்று தடவை பூசினால்தான் தெரியுது. சந்தன நிறம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. மலிவு பேலட்டில் நிறமி குறைவு, டால்க் அதிகம். வெளிர் நிறங்களில் அந்த வெள்ளை நம்மைப் போன்ற தோலில் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

அப்போ அடர் நிறங்கள் மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்தது? பெட்டியைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் படித்தேன். சி.ஐ. 77491, சி.ஐ. 77492, சி.ஐ. 77499. மூன்றுமே இரும்பு ஆக்சைடுதான். முதலாவது சிவப்பு, அடுத்தது மஞ்சள், கடைசி கறுப்பு. இந்த மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்தால் பழுப்பு நிறக் குடும்பம் முழுசும் வந்துவிடும்.

சுருக்கமாச் சொன்னா, இது நம்ம காவி. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு நடுவே அடிக்கிற காவி, கோலத்தைச் சுற்றி இடுகிற காவி. மினுமினுப்புக்குப் போட்டிருக்கும் மைக்காவும் நமக்குப் புதிதல்ல, அதான் காக்காப்பொன். ஃபோனில் அம்மாவிடம் சொன்னேன். "மண்ணைப் பூசிக்க ஆறு டாலரா?" என்று கேட்டார்.

இந்த மண்ணின் வயசு கொஞ்சநஞ்சமல்ல. தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில், சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் காவிக்கல்லை அரைத்துச் சிப்பி ஓடுகளில் குழைத்து வைத்திருந்த தடயங்கள் கிடைத்தன. அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. மஞ்சள் காவியைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் போய்ச் சிவப்பாகிவிடும் என்பதும் பழைய அறிவுதான். ஓவியர்கள் சொல்லும் சுட்ட சியன்னா இப்படி வந்ததுதான், பெயர் இத்தாலியின் சியனா நகரத்தை ஒட்டியது. ஆக, இலையுதிர்கால நிறம் என்று விற்பது மனிதன் கைக்கு எட்டிய நிறங்களிலேயே மிகப் பழையதும், மிக மலிவானதும். ஆறு டாலருக்குக் கட்டுப்படியாவதில் ஆச்சரியமே இல்லை.

விலைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனா இதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பூசலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

அமெரிக்காவின் 1906-ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டத்தில் அழகுப் பொருட்கள் இல்லவே இல்லை. என்ன வேணா கலக்கலாம், எப்படி வேணா விற்கலாம். 1933 வாக்கில் லாஷ் லூர் என்ற இமை, புருவச் சாயம் விற்பனையில் இருந்தது. அதில் இருந்தது பாராஃபினைலின்டையமின். இன்றும் பல கறுப்பு முடிச்சாயங்களில் இருக்கிற அதே பொருள்தான். இமையில் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கண் வீங்கிப் புண்ணானது, பார்வையே போனது. அரசு அதிகாரிகளுக்கு விஷயம் தெரியும், ஆனா தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர்களால் முடிந்தது, அந்தப் பெண்ணின் முன், பின் படங்களை ஒரு கண்காட்சியில் மாட்டிவைப்பது. பத்திரிகைகள் அதற்கு 'பயங்கரங்களின் கூடம்' என்று பெயர் வைத்தன.

அப்படியும் சட்டம் உடனே வரவில்லை. மசோதா ஐந்து வருஷம் இழுத்தது. 1937-ல் சல்ஃபானிலமைடு திரவ மருந்து குடித்து 100-க்கும் மேற்பட்டவர்கள், அதில் பல குழந்தைகள், இறந்த பிறகுதான் வேகம் பிடித்தது. 1938 ஜூன் 25-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். தலைமுடிக்கான தார்ச் சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தோடு சலுகை கொடுத்த அந்தச் சட்டம், இமைக்கும் புருவத்துக்கும் மட்டும் அந்தச் சலுகையைத் தரவில்லை. லாஷ் லூர் விட்டுப்போன தழும்பு என்றுதான் அந்த வரியை நான் படிக்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்கணும். மண்ணில் தோண்டிய காவியை அப்படியே ஒப்பனைப் பொருளில் நிறமியாகச் சேர்க்க அமெரிக்க விதி இடம் கொடுப்பதில்லை. செயற்கையாகத் தயாரித்த இரும்பு ஆக்சைடாக இருக்கணும். ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3, பாதரசம் 3, இதைத் தாண்டக்கூடாது. இயற்கையானது என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு சின்ன பாடம். அம்மா சொன்னது பாதிதான் சரி. இது மண்ணின் நிறம், மண் இல்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். மலிவு பேலட் வாங்கறதா இருந்தா பழுப்பும் துருவும் உள்ளதை வாங்குங்க. அந்த நிறங்களில் விலை குறைந்தாலும் தரம் பெரிசாக் குறையாது. பளிச்சென்ற ரோஜா, ஊதா நிறங்கள் இருந்தால் பின்பக்கம் படிங்க. கண்பகுதிக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் இருந்தா வைத்துவிடுங்க. அந்தப் பொருள்பட்டியலை அச்சிடுவதே 1970-களில்தான் கட்டாயமானது. படிக்காமல் விட்டால் அத்தனை பேர் பட்ட பாடு வீண்.

ஒன்பதாவது நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. அது நாவல்பழ நிறம், பட்டியலில் சி.ஐ. 75470, அதாவது கார்மைன். இது மண் இல்லை, கள்ளிச்செடியில் வாழும் பூச்சி. அந்தப் பூச்சியை வளர்க்கணும் என்று 1780-களில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கடைசியில் வந்து சேர்ந்தது மட்டரகப் பூச்சி. சாயம் தேறவில்லை, கள்ளியைத்தான் தின்று தீர்த்தது. அதைத் தனியாக எழுதணும். குறிப்புகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.