அரை ஷிப்டு இல்லாத பேட்டை

புற்றுநோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பியவருக்கு அந்த வேலை மனநிறைவு தருகிறதா என்று கேட்டால், பேச்சு உடனே அவருடைய மனஉறுதியின் பக்கம் போய்விடுகிறது. துணிச்சல் உள்ளவர் தேறிவிடுவார், மனம் தளர்ந்தவர் முடங்கிவிடுவார் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இது மீண்டவருக்குச் செய்யும் அநீதி. வரலாறும் இதற்குத் துணை நிற்கவில்லை. திரும்பி வந்தவர் நிறைவோடு நீடிக்கிறாரா, நொந்துபோய் வெளியேறுகிறாரா என்பது பெரும்பாலும் ஒன்றைப் பொறுத்தது: உடம்பு தாங்குகிற அளவுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க அந்தத் தொழிலில் வழி இருக்கிறதா இல்லையா என்பதை. வடசென்னையில் இதை ஆராய்வதற்குக் காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். தறியிலிருந்து ஆலைக்கு மாறிய முந்நூறு ஆண்டு உழைப்பு இங்கே ஒரே நிலத்தில் நடந்திருக்கிறது.

1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி ஏற்றுமதிக்காக அவர் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களையும் துணியில் வண்ணம் தீட்டுவோரையும் குடியேற்றினார். அவர் பெயரால் எழுந்த அந்தப் பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் உருவான சிந்தாதிரிப்பேட்டையும் இதே நோக்கத்தோடு வந்ததுதான். கம்பெனிக்கு வேண்டியிருந்தது துணி. ஆனால் அந்தத் துணி நெய்யப்பட்ட விதம் கம்பெனி வகுத்தது அல்ல. கைத்தறி என்பது ஒருவர் செய்யும் வேலை அன்று. நூல் சுற்ற வேண்டும், தார் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும், அச்சில் இழை பிணைக்க வேண்டும். அதன் பிறகே தறிக்குழியில் கால் வைக்கிற வேலை. இவற்றில் சில கடுமையானவை, சில திண்ணையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் பிள்ளை பெற்றவளும் கண் மங்கிய முதியவரும் தார் சுற்றுவதில் தொடங்கி, வலு வர வர அடுத்த வேலைக்கு நகர்வார்கள். இன்று எத்தனை முழம் என்பதை அன்றைய உடம்பு முடிவு செய்தது.

இதைக் கேட்கிறவர் நியாயமாகவே மறுப்பார்: நெசவாளர் வீட்டை இப்படிப் பொற்காலமாகக் காட்டலாமா? கூடாதுதான். வணிகர் கொடுத்த முன்பணம் நெசவாளியின் கழுத்தில் கடனாகத் தொங்கியது. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. நோயாளிக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்த அதே குடும்பம்தான் அவர் பங்கையும் சேர்த்துச் சுமந்து இளைத்தது. புற்றுநோய் என்றால் அன்று மீட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே தறிக்குத் திரும்புங்கள் என்பது என் வாதமல்ல. அந்த வறுமைக்கு நடுவிலும் அங்கே இருந்த ஒன்று, பிறகு வந்த செழிப்பான தொழில்களில் இல்லாமற்போனது. அது மட்டுமே நான் சுட்டுவது. முழு வேலைக்கும் முழு ஓய்வுக்கும் நடுவே படிகள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் பேட்டையைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்று ஒரு நகருக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948இல் பிறந்து பின்னர் அசோக் லேலண்ட் ஆன எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், 1955இல் வந்த என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாதச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, சங்கம் என்று ஒரு தலைமுறையே நிமிர்ந்தது. ஆனால் சங்கு ஊதினால் எட்டு மணி நேரம். அதில் பாதி என்று ஒன்று கிடையாது. உடம்பு சரியில்லாதவரை இரண்டு மாதம் லேசான வேலையில் வைப்பதைத் தொழிலாளர்கள் 'லைட் டியூட்டி' என்பார்கள். சட்டம் அதை உரிமையாக எழுதித் தரவில்லை. எழுதித் தராத இடத்தில் அது சூப்பர்வைசரின் நல்ல மனத்தையும் சங்கத்தின் பலத்தையும் நம்பியே நடக்க வேண்டியிருந்தது.

சட்டம் எங்கே நின்றுவிட்டது என்பதைப் பார்க்க 1950களின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் ஆட்குறைப்புக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' காரணமாக ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றது அது. அதாவது, ஆட்குறைப்புக்குரிய இழப்பீடும் இல்லை. அடுத்த ஆண்டு, 1954இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. நோயாளியை உயிரோடு திருப்பி அனுப்பும் மருத்துவமும், அவருக்குப் படியளக்கும் காப்பீடும், அவரை இழப்பீடின்றி வெளியேற்றும் விதியும் மூன்றே ஆண்டுகளுக்குள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அந்த விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சான்று. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்பார்வை குறைந்த ஓட்டுநர்களை நீக்கினார்கள். இது ஆட்குறைப்பு ஆகாது என்றே நீதிமன்றமும் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் உழைத்துக் கண்ணை இழந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமில்லை என்று கண்டு, மாற்று வேலையோ கூடுதல் பணமோ தர வழிவகுத்தது.

இ.எஸ்.ஐ.யைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு, தகுதிக் காலம் நிறைவு செய்தவருக்கு, சம்பளத்தில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகள் தருகிறது அது. நோய்ப் பயன் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு தடுத்தது. ஏழை வீட்டில் இது அடுப்பை அணையாமல் காத்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் வேலையை விட்டு விலகி இருக்கும் உடம்பை நினைத்து எழுதப்பட்டது. திரும்பும் உடம்பை நினைத்து எழுதப்படவில்லை. டாக்டர் தரும் சான்றில் இரண்டே பதில்கள்: வேலைக்குத் தகுதி இல்லை, அல்லது தகுதி உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்டவரின் உடம்போ இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சில கீமோ மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போனவர் சின்ன நட்டைப் பிடிக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. மார்பக அறுவையில் அக்குள் நிணக்கணுக்களை எடுத்தவரின் கை பாரம் தூக்கினால் வீங்கக்கூடும். வாய்க்கும் தொண்டைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்கு உமிழ்நீர் வற்றிவிடும். பத்து நிமிடத்துக்கொரு முறை தண்ணீர் வேண்டும். வயிற்றில் பை பொருத்தியவருக்குச் சுத்தமான கழிப்பறை அருகில் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆலையில் எளிய மாற்று உண்டு. அந்த மாற்றைக் கேட்டு வாங்க ஒரு தாள் இல்லை. கேட்கத் தயங்கி முழு ஷிப்டில் நின்று, மூன்றாம் மாதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரை மனம் தளர்ந்தவர் என்று எப்படிச் சொல்வது?

படிப்படியாகத் திரும்புவது இந்தக் காலத்துச் சொகுசு என்பவர்கள் காசநோயின் வரலாற்றைப் பார்க்கலாம். 1905லேயே இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் நோயாளியின் வலுவுக்கேற்ப வேலையை அளந்து கொடுத்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து பாப்வொர்த் குடியிருப்பில் தேறிவந்தவர்கள் தங்களால் முடிந்த மணி நேரத்துக்குக் கூலி பெற்றார்கள். ஜெர்மனியில் நோய்க்கால ஊதியம் பெற்றபடியே நாளுக்கு இரண்டு மணி, நான்கு மணி என்று வேலையைக் கூட்டிக்கொண்டே போகும் முறை சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டன் 2010இல் மருத்துவச் சான்றின் படிவத்தை மாற்றி, சில ஏற்பாடுகள் செய்தால் வேலை செய்யலாம் என்ற மூன்றாவது பதிலையும் சேர்த்தது. நோய்க்குப் பிறகு வேலை இழப்பு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. 36 ஆய்வுகளைத் திரட்டி 2009இல் வெளியான தொகுப்பாய்வில், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் 33.8 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தார்கள். நலமாக இருந்தவர்களில் 15.2 விழுக்காட்டினர். பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா நாடுகளின் எண்கள் இவை.

ஓடும் உற்பத்தி வரிசையில் அரை ஆளை எப்படி வைப்பது என்று நிர்வாகம் கேட்கும். பெரம்பூர் பின்னி ஆலைக் காலம் முதல் மில்களுக்குப் பதிலித் தொழிலாளியை வைத்து வரிசையை ஓட்டத் தெரிந்திருக்கிறது. நிர்வாகத்தின் தேவைக்காக ஒருவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்த முடிந்தது என்றால், தொழிலாளியின் உடம்புக்காக நான்கு மணி நேரம் நிறுத்துவது இயலாத காரியம் அல்ல. சட்டம் தலையிட்டால் வேலையின் வடிவம் மாறும் என்பதற்கும் அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் உட்படக் கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நின்றே விற்பதுதான் வியாபாரத்தின் இயல்பு என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இன்று இந்தப் பகுதி உழைப்பில் பெரும்பங்கு கான்ட்ராக்ட் ஆட்களுடையது. திரும்பி வர அவர்களுக்கு வேலையே இல்லாதபோது மனநிறைவைப் பற்றிப் பேசலாமா? பேசியாக வேண்டும். ஏன் என்பதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. அதன் பட்டியலில் புற்றுநோய் இல்லை. குரல்வளை எடுக்கப்பட்டதால் பேச்சை இழந்தவர் போன்ற சிலரே இடம்பெறுகிறார்கள். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவருக்கும் கான்ட்ராக்ட் ஃபிட்டருக்கும் அதில் ஒன்றும் இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்கே படி கட்டாத சட்டம், நிலையற்றவருக்குத் தரையையும் தரவில்லை. முதலில் தரை, பிறகு படி என்று வரிசை போட்டுக் காத்திருந்தால் இரண்டும் வராது.

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: நீண்ட நோயிலிருந்து திரும்புகிறவருக்கு, நிரந்தரமோ கான்ட்ராக்டோ, முதல் ஆறு மாதம் டாக்டர் எழுதித் தரும் நேரமும் வேலையும், சம்பளக் குறைப்பின்றி. அதே நாளில் இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் ஒரு மனு போகட்டும், சான்றுப் படிவத்தில் மூன்றாவது பதில் ஒன்று கேட்டு.