செந்தார்ப் பைங்கிளி

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில், வேலன்டைன்ஸ் பூங்காவின் முதிய மரங்களிலும் அக்கம்பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் காணப்படும் கிளி. வேறு ஏதோ சீமைக் கிளி அல்ல. கிளி ஜோசியரின் கூண்டிலிருந்து சீட்டெடுக்க வரும் நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான்.

இதற்குத் தாயகம் இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே செனகல் முதல் சோமாலியா வரை நீளும் புல்வெளியும் முள்மரங்களும் கலந்த வறள்நிலம். மற்றொன்று, பாகிஸ்தான் முதல் மியான்மர் வரையும் தெற்கே இலங்கை வரையும் உள்ள ஆசியப் பகுதி. ஆப்பிரிக்கக் கிளிக்கு அலகு சிறியது. மேற்கு ஆப்பிரிக்கத் துணையினத்தில் மேலலகின் நுனி கறுத்திருக்கும்.

நீளம் சுமார் 40 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் வால்தான். எடையோ 120 கிராம் அளவே. ஆணின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் சேர்ந்த வளையம் உண்டு. பெயரிலுள்ள 'செந்தார்' அதுதான். பெண்ணுக்கு அது இல்லை. இளம் ஆணுக்கும் மூன்றாம் வயதை ஒட்டித்தான் வளையம் தெரியும் என்பதால், வளையமில்லாததை எல்லாம் பெண் என்று எண்ணிவிடக் கூடாது. பச்சை நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு: இறகில் பச்சைச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு நீல ஒளியைச் சிதறடிக்க, மஞ்சள் நிறமி அதோடு கலந்து பச்சையாகத் தெரிகிறது. மரபணு மாற்றத்தால் மஞ்சள் இல்லாமல் போனால் கிளி நீலமாகப் பிறக்கும்.

இங்கிலாந்தில் இது தொடர்ந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கியது 1969ஆம் ஆண்டு வாக்கில், கென்ட் பகுதியில். கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பறக்கவிட்ட ஜோடியின் வாரிசுகள் என்றும், 'தி ஆப்பிரிக்கன் குயின்' படப்பிடிப்பில் தப்பியவை என்றும் கதைகள் உலவுகின்றன. பழைய பதிவுகளை வரைபடத்தில் பொருத்திப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டுமே எடுபடவில்லை. கூண்டிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் வந்தவையே பெருகின என்பதுதான் சப்பென்ற உண்மை. ஐரோப்பியக் கிளிகளின் மரபணுவோ பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் காட்டுகிறது. அங்கே உறைபனி புதிதல்ல. லண்டன் குளிரை இது தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டங்களில் வேர்க்கடலை போட்டுத் தொங்கவிடும் கம்பிக் கூடுகள் இன்னொன்று.

அந்தக் கூட்டில் கிளி தலைகீழாகத் தொற்றிக்கொள்ளும். முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த விரல்களால் பருப்பைப் பிடித்து, கை நீட்டித் தின்பதுபோல வாய்க்குக் கொண்டுபோகும். அது இருக்கும்வரை பட்டாணிக்குருவிகள் கிட்டே வரத் தயங்கும். தின்பதைவிடக் கடித்து வீசுவது அதிகம். ஆப்பிள் மொட்டு, பிளம் காய் எதுவும் தப்பாது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்தவர்களுக்குக் கிளியோட்டத் தட்டை, குளிர், தழல் என்னும் கருவிகள் இருந்தன, இல்ஃபோர்டுக்காரர்களுக்குக் கைதட்டல்தான்.

கூடு கட்டும் வேலை இதற்கு இல்லை. மரங்கொத்தி துளைத்த பொந்தையோ இயற்கைப் பொந்தையோ பிடித்து, விளிம்பைக் கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். மற்ற பறவைகள் இடம் தேடுமுன், குளிர்கால இறுதியிலேயே இது பொந்து பார்க்கத் தொடங்கிவிடும். பெல்ஜியத்தில் பசையெடுப்பான் குருவிகள் இப்படிப் பொந்திழந்தது பதிவாகியிருக்கிறது. மூன்று, நான்கு முட்டைகள்; அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்று மேல்; குஞ்சுகள் பறக்க ஏழு வாரம்.

பிரிட்டனில் இப்போது சுமார் 12,000 ஜோடிகள் இருப்பதாகக் கணிப்பு. அந்தி சாயும் நேரத்தில் சிறு கூட்டங்களாகக் கீச்சிட்டபடி ஒரே திசையில் விரையும். பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்து, சில இடங்களில் ஆயிரக்கணக்கில் ஒன்றாக அடையும். இலையுதிர்ந்த மரத்தில் அவை இறங்கும்போது, ஜனவரியிலும் மரம் துளிர்த்தது போலிருக்கும்.