விளக்கைத் தொடும் கைகள்

தமிழ் சினிமா குறித்து நம்மிடையே எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் நட்சத்திரங்களின் வரலாறுகள். கொஞ்சம் அரசியல் பிரக்ஞையோடு எழுதப்பட்டவை வசனத்தின் வரலாறு, பாட்டின் வரலாறு. வெளிச்சத்துக்கு வரலாறு குறைவு. வெளிச்சத்தைச் சுமந்தவனுக்கு அதுவும் இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் காமிராவை யார் தொடலாம், விளக்கை யார் தொடலாம், அந்த வேலையை ஒருத்தன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று கேட்டுப் பார்த்தால், அது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் நடுவே நம் சமூகம் போட்டுவைத்திருக்கும் பழைய கோட்டில் போய் அது முட்டுகிறது. நான் நெய்வேலிக்காரன். 1962இலிருந்து மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் இது. ஒரு விளக்கு எரிந்தால் அதற்குப் பின்னால் யார் வெந்துகொண்டிருக்கிறான் என்று யோசிப்பது இங்கே இயல்பு.

ஸ்டூடியோ காலத்தில் காமிரா முதலாளியின் சொத்து. அதைக் கற்க விரும்புகிறவன் உதவியாளனாகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, மேகசினில் பிலிம் ஏற்றி, போகஸ் பார்த்து, குருவின் கண் அசைவுக்குக் காத்திருக்க வேண்டும். ஜெமினியில் கமல் கோஷிடம் உதவியாளராக இருந்து வந்த ஏ.வின்சென்ட் போன்ற மேதைகள் இந்த வழியில்தான் உருவானார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ‘குருகுலம்’ என்று நாம் சிலாகிக்கும் ஏற்பாட்டின் வாசலில், யாரைத் தெரியும் என்ற கேள்வி எப்போதும் நின்றுகொண்டிருந்தது.

1945இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமானது இந்த ஏற்பாட்டில் விழுந்த முதல் விரிசல். பூனா திரைப்பட நிறுவனம் வர இன்னும் பதினைந்து வருஷம் இருந்தது. பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று அறியப்பட்டு, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அரசுக் கல்லூரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்குப் பக்கத்தில், பலாவும் முந்திரியும் விளையும் பண்ருட்டி வட்டாரத்துப் பத்திரக்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை அங்கே போய் ஒளிப்பதிவு படிக்க முடிந்தது. அவர்தான் தங்கர் பச்சான். ‘காதல் கோட்டை’ (1996), ‘பாரதி’ (2000) படங்களின் ஒளிப்பதிவாளர். 2002இல் ‘அழகி’யைத் தானே இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். இந்த மண்ணின் வெயிலைப் படம்பிடித்தவர் இந்த மண்ணில் வேலை செய்தவர் என்பது தற்செயல் அல்ல. 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’ இன்னொரு சாட்சி. ஆபாவாணன், அரவிந்தராஜ், ரமேஷ்குமார் என்று அக்கல்லூரியில் படித்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து சினிமாஸ்கோப்பில் எடுத்த படம் அது.

ஆனால் இந்த விரிசல் எதுவரை போனது? இதற்குப் பதில் சொல்ல பிலிமின் வேகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950களின் வண்ண பிலிம் 25 ஏஎஸ்ஏ. 1980களில் அது 400ஐத் தொட்டது. அதாவது பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். அதே ஆண்டுகளில் அடையாறு மாணவரான பி.சி.ஸ்ரீராம் ‘மௌன ராக’த்திலும் (1986) ‘நாயக’னிலும் (1987) இருட்டை ஒரு மொழியாக்கினார். நம் விமர்சகர்கள் அந்த இருட்டைக் கொண்டாடினோம். அதற்கு முந்தைய பிரகாசத்தின் கதையை யாரும் கேட்கவில்லை. ஆர்க் விளக்கில் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய, இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். சாரத்தின்மேல், புகையில், சூட்டில். அவர் லைட்மேன். அவர் கற்றதற்குப் பட்டயம் கிடையாது.

எங்கள் நகரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மகன் ஒளிப்பதிவு படிக்கிறான். வகுப்பில், விளக்கை இரு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்ற விதியைப் படித்துவிட்டு முதன்முதலாகத் தளத்துக்குப் போயிருக்கிறான். மீட்டரோடு நின்றவனைப் பார்த்து வயசான லைட்மேன் ஒருவர் சொன்னாராம்: “ரெண்டடி பின்னால தள்ளு தம்பி, மூஞ்சி தானா சரியாயிடும். கைல துணி சுத்திக்க, சுட்டுடும்.” மீட்டர் பிறகு அதையேதான் சொல்லியது. “அவருக்கு அந்த விதியெல்லாம் தெரியாதுண்ணே” என்றான் பையன். தெரியாது என்பது சரியா? விதி அவர் கையில் இருக்கிறது. எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். கல்லூரி ஒரு விவசாயி மகனுக்குக் காமிராவைத் தந்தது. லைட்மேனின் அறிவை அறிவாக ஏற்கும் இடத்துக்கு அது இன்னும் வரவில்லை. துணி சுத்திக்கொள்வதும் ஒளியியலின் பகுதி என்று எந்தப் பாடத்திட்டம் சொல்கிறது?

இதன் விலை என்ன என்பதை 2020 காட்டியது. பிப்ரவரி 9 அன்று, நெய்வேலிச் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பிலிருந்த விஜய், வெளியே திரண்ட கூட்டத்தோடு எடுத்துக்கொண்ட செல்பி நாடெங்கும் பரவியது. பத்தே நாளில், 19ஆம் தேதி, சென்னைக்கருகே ‘இந்தியன் 2’ தளத்தில் விளக்குக்கான கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். மே 7இலும் ஜூலை 1இலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஜூலை வெடிப்பில் அன்றே ஆறு பேர் போனார்கள். மருத்துவமனையில் சாவு தொடர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். வெளிச்சத்தை உற்பத்தி செய்யும் இடத்திலும் அதைக் காட்சியாக்கும் இடத்திலும் ஆபத்து ஒரே தட்டுக்குத்தான் ஒதுக்கப்படுகிறது. செல்பி நினைவிருக்கிறது. மற்றவை?

2023 மார்ச்சில் லைட்மேன்களுக்கு நிதி திரட்ட ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் கச்சேரி நடத்தினார். நல்ல காரியம். ஆனால் கருணை வேறு, அங்கீகாரம் வேறு. இப்போது எல்ஈடி வந்துவிட்டது. விளக்கைத் தொடாமலே திரையில் விரலால் கூட்டிக் குறைக்கலாம். ஆர்க் விளக்கின் சூட்டை உள்ளங்கையில் அறிந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. மாற்று வரலாறு பேசும் நாம் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அவர்களைத் தேடிப்போய், கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவுகள் தரமணியில் பாடமாக வேண்டும். நகரியத்துப் பையனிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தளத்தில் லைட்மேன்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, அவரவர் பெயரோடு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.