குறுவை நெல்: அறுவடை நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நெல் சாகுபடியில் விதை, உரம், மருந்து பற்றி விவசாயிகள் நிறையவே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால், எந்த வேலையை எந்தத் தேதியில், எத்தனை ஆட்களை வைத்து முடிப்பது என்பதை விதைப்புக்கு முன்பே எழுதி வைப்பவர்கள் குறைவு. நல்ல விளைச்சல் இருந்தும் நெல் மழையில் நனைந்து வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுவடைத் தேதியை முதலில் குறியுங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். எனவே, டெல்டா மாவட்டங்களில் குறுவை அறுவடையை அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடிப்பது பாதுகாப்பு. ஏ.டி.டி 43 போன்ற 110 நாள் ரகத்தை அக்டோபர் 1-ல் அறுக்க வேண்டும் என்றால், ஜூன் 13-ல் நாற்றங்காலில் விதைத்திருக்க வேண்டும். அதே ரகத்தை ஜூலை 15-ல் விதைத்தால் அறுவடை நவம்பர் 2-க்குத் தள்ளிப்போகும். அது நல்ல மழை நேரம். தண்ணீர் அவ்வளவு தாமதமானால், குறுவையை விட்டுவிட்டு ஒருபோக சம்பாவுக்குத் தயாராவதே நல்லது.

மடை எங்கே குறுகுகிறது?

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், மடை விடும் அளவுதான் வயலுக்குப் போகும். சாகுபடியிலும் இப்படி ஒரு குறுகிய மடை இருக்கும். பெரும்பாலும் அது நடவு ஆட்களாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து, மற்ற வேலைகளை அதற்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

உங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று வசதியுடன் 5 ஏக்கர் இருப்பதாகவும், ஒரு நாளில் அரை ஏக்கர் நடும் அளவுக்கே ஆட்கள் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நடவு முடிய 10 நாட்கள் ஆகும். ஆனால், குறுகிய கால ரகத்துக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாட்களுக்குள் இருக்க வேண்டும். மொத்த விதையையும் ஜூன் 12-ல் விதைத்தால், கடைசி அரை ஏக்கரில் 27 நாள் நாற்றைத்தான் நடுவீர்கள். வயது கடந்த நாற்றில் தூர் குறையும், மகசூலும் குறையும்.

இதற்கு ஆட்களைக் கூட்ட வேண்டியதில்லை. நாற்றங்காலை இரண்டு தவணையாகப் பிரித்தால் போதும். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால், 24 கிலோ விதை என்பது கணக்கு.

- முதல் தவணை: 20 சென்டில் 60 கிலோ விதை. விதைப்பு ஜூன் 12. நடவு ஜூன் 30 முதல் ஜூலை 4 வரை.
- இரண்டாம் தவணை: 20 சென்டில் 60 கிலோ விதை. விதைப்பு ஜூன் 17. நடவு ஜூலை 5 முதல் 9 வரை.

இப்போது 5 ஏக்கரிலும் சரியான வயது நாற்று இருக்கும். அறுவடையும் செப்டம்பர் 30, அக்டோபர் 5 என்று இரண்டாகப் பிரிந்துவிடும்.

அறுவடையில் களம்தான் மடை

அறுவடை இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை அறுத்துத் தள்ளிவிடும். அத்தனை நெல்லையும் காயவைக்க உங்கள் களத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரநெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி நிறம் மாறும். மழையும் சேர்ந்தால் முளைத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. எனவே, களம் தாங்கும் அளவுக்கே அறுங்கள். அறுவடைக்கு 10 நாட்களுக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டு, அப்போதே இயந்திரத்துக்கும் தார்ப்பாய்க்கும் சொல்லி வையுங்கள்.

இடுபொருள் இருப்பு

மேலுரம் தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் எனப் பிரித்து இடப்படுகிறது. மொத்த யூரியாவையும் முன்பே வாங்கினால் பணம் முடங்கும், உரமும் ஈரம் கோத்துக் கட்டியாகும். கடைசி நாளில் அலைந்தால் பருவம் தவறும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வாரம் முன்பு வாங்கி வைப்பது போதுமானது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஒவ்வொரு வேலைக்கும் திட்டமிட்ட தேதி, முடித்த தேதி, தாமதத்துக்கான காரணம் என மூன்று பத்திகள் போடுங்கள். இரண்டு போகம் எழுதினால், உங்கள் மடை எது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். அடுத்த குறுவைக்கு எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே தேவையில்லை என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.