குமரி மாவட்டத் தொன்மைச் சின்னங்களும் நம் கடமையும்

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும், தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் உடைமையாகவே நீடித்தது. இன்றளவும் கேரளத் தொல்லியல் துறையே அதனைப் பேணிவருகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. எல்லை மாறிய பின்னும் அம்மர அரண்மனை சிதையாதிருப்பதற்குக் காரணம், பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்ததே.

சிதறால் மலையும் இதற்குச் சான்றாகும். அங்குள்ள பாறையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பிற்காலத்தில் அவ்விடம் பகவதி கோயிலாயிற்று. ஆயினும், கோபிநாத ராவ் போன்ற அறிஞர்கள் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சேற்றினர். இந்தியத் தொல்லியல் துறை மலையைக் காத்துவருகிறது. ஆகவே அங்கு வாழ்ந்த சமணரின் வரலாறு மறையவில்லை.

நம் முன்னோரின் தடங்கள் இவ்வாறு பதிவாகியுள்ளனவா?

கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு குறிக்கப்படுகிறது. அவற்றில் சாட்சியமிட்டோரின் கையொப்பங்களுள் கூஃபி எழுத்திலான அரபுக் கையொப்பங்களும் உண்டு. அப்பழஞ்சொல் தக்கலை முஸ்லிம்களிடையே இன்றும் வழங்கிவருகிறது. அவ்வூரில் அடங்கியுள்ள ஞானமேதை பீர்முஹம்மது அப்பா அவர்களின் ‘ஞானப் புகழ்ச்சி’ ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுவதும் ஓதப்படுகிறது. சொல் மரபை நாம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்துள்ளோம். கல் மரபில் அத்துணைக் கவனம் செலுத்தினோமில்லை. இடம் போதவில்லை என்று பழைய கற்பள்ளிகளை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்புவது தமிழகத்தின் பல ஊர்களிலும் காணும் வழக்கம். தூண்களோடு கல்வெட்டுகளும், மீஸான் கற்களோடு பெயர்களும் மறைந்துவிடுகின்றன.

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். அதற்குமுன் இரண்டு மாத காலம் ஆட்சேபங்கள் கேட்கப்படும். தமிழகத்திற்கென 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு.

இவ்வறிவிப்பைக் கண்டு ஜமாஅத்தார் தயங்குவதற்கும் காரணமுண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெறவேண்டும். வக்ஃபாக அறிவிக்கப்பட்ட வேளையில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த சொத்தின் வக்ஃபு அறிவிப்பு செல்லாது என்னும் பிரிவு 2025இல் சேர்க்கப்பட்டபின் தயக்கம் அச்சமாகவே வளர்ந்துள்ளது. அவ்வச்சத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை.

எனினும், அரசின் அறிவிப்பை வேண்டுவதா வேண்டாவா என்பதை முடிவுசெய்யுமுன்னரே நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளியை அளந்து வரைபடம் எழுதட்டும். கல்வெட்டுகளையும் மீஸான் கற்களையும் படியெடுக்கட்டும். பழைய ஆவணங்களையும் கணக்கேடுகளையும் நகலெடுத்து, ஒரு படியை ஊரிலும் மறுபடியை நூலகமொன்றிலும் வைக்கட்டும். புதுப்பிக்க நேரின், தொன்மையான பகுதியை நிறுத்திக்கொண்டு விரிவாக்கும் வழியைப் பொறியாளரிடம் முதலில் கேட்கட்டும்.

நாளை வழக்கு வரினும் ஆய்வாளர் வரினும் அப்பதிவுகளே நமக்காகப் பேசும். கல் இருக்கும்போதே இதனைச் செய்துவிடுதல் வேண்டும்.